டிக்கியிலேயே தங்கிவிடும் பேஸ்: சீட்டுக்குக் கொண்டுவரும் வழி

போன பொங்கலுக்கு என் சித்தப்பா மகன் தன் டிசையர் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வந்துவிட்டது. வாசலில் நின்ற எனக்கு நெஞ்சில் இடித்தது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால் அந்த இடியை, அதாவது பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியைக் காணோம். பாட்டு ஒரு பக்கம் ஓட, பின்னால் எங்கேயோ தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, 12 இஞ்ச் வூஃபர், 500 வாட்ஸ் ஆம்ப். இருந்தும் உள்ளே ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. கடைக்காரர் 1000 வாட்ஸ் ஆம்ப் மாத்தச் சொல்றார்" என்றான். வூஃபர் என்பது பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர், ஆம்ப் அதற்குச் சக்தி தரும் பெட்டி.

"ஒரு ரூபா செலவு பண்ணாத தம்பி. சாப்பிட்டு முடிச்சுட்டு டிக்கியைத் திறந்து பாப்போம்" என்றேன்.

அன்று மதியம் நாங்கள் எந்த வரிசையில் பார்த்தோமோ, அதே வரிசையில்தான் இந்தக் கட்டுரையும் போகிறது. முதலில் செலவே இல்லாதவை, பிறகு கொஞ்சம் செலவாகுபவை. ஆம்ப் மாற்றுவது இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்கு ஒரு கணக்கு உண்டு. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). நம் காது "சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது" என்று உணர ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். வூஃபர் மாட்டிய பாக்ஸை ஓரடி நகர்த்தினாலே சில அலைவரிசைகளில் 3 டெசிபலைவிட அதிகம் கிடைக்கும்போது, ஆம்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பேஸ் எங்கே போகிறது

நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். அப்படியானால் 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) பேஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 9 மீட்டர், 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.4 மீட்டர். டிசையரின் மொத்த நீளமே 3.995 மீட்டர்தான். காரைவிட அலை நீளமாக இருப்பதால், பேஸ் டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரு திசையில் பாய்வதில்லை. வூஃபர் ஒரு காற்றுப் பம்ப். மூடிய காருக்குள் இருக்கும் காற்றை அழுத்தி, இழுத்து, அழுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த அழுத்தத்தால்தான் வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் ஒரு வூஃபர் காருக்குள் பூதம்போல் இடிக்கிறது. ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக இந்த உதவி கூடிக்கொண்டே போகும்.

டிசையர் போன்ற செடானில் டிக்கி தனி அறை. பின்சீட்டின் ஸ்பாஞ்ச், அதன் பின்னால் தகடு, மேலே பார்சல் ட்ரே (பின்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகை), அதன் அடியில் இன்னொரு தகடு. பம்பின் குழாயை டியூபில் சரியாகப் பொருத்தாமல் காற்றடிக்கிற மாதிரி, வூஃபர் டிக்கிக் காற்றை அடித்துக்கொண்டிருக்கிறது. சீட்டுப் பக்கம் வருவது மிச்சம்தான். இது முதல் இழப்பு. வூஃபரின் அசையும் கூம்பிலிருந்து நேரே வருகிற அலையும், டிக்கிக் கதவில் மோதித் திரும்பி வருகிற அலையும் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வது இரண்டாவது. டிக்கி மூடி, நம்பர் பிளேட், பார்சல் ட்ரே எல்லாம் அதிர்ந்து பேஸின் சக்தியைத் தின்று, பதிலுக்குக் கடகட சத்தத்தைத் தருவது மூன்றாவது.

ஸ்விஃப்ட், ஐ20 போன்ற ஹாட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு முதல் இழப்பு கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் டிக்கியும் காரும் ஒரே அறை. அவர்கள் பார்சல் ட்ரேயை ஒருமுறை கழற்றிவைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, வயரிங், பாக்ஸின் இடம், கடகட சத்தம் ஆகிய பகுதிகளுக்குப் போய்விடலாம்.

ஒரு தாள், ஒரு போன்

காதை மட்டும் நம்பி எதையும் மாற்றாதீர்கள். போனில் டெசிபல் மீட்டர் ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதில் அளவீட்டு முறையை 'சி' என்று வையுங்கள். பெரும்பாலான ஆப்களில் தானாக வரும் 'ஏ' முறை தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். போன் மைக் பேஸைத் துல்லியமாக அளக்காது. பரவாயில்லை. ஒரே போன், ஒரே இடம், ஒரே வால்யூம் என்று வைத்துக்கொண்டால் "முன்பைவிடக் கூடியதா குறைந்ததா" என்பதை அது சரியாகச் சொல்லிவிடும்.

30, 40, 50, 60, 70, 80, 90, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகளைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். ஸ்டீரியோவில் பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். கதவு, கண்ணாடி, டிக்கி எல்லாம் மூடியிருக்கட்டும். போனை டிரைவர் சீட்டின் தலைப்பகுதியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒலிக்கும் வரும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். வால்யூம் மிதமாக இருக்கட்டும். ரொம்பக் கூட்டினால் போன் மைக் தானே அளவைக் குறைத்துக்கொண்டு தவறான எண்ணைக் காட்டும்.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இனிச் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு புது வரிசை. தம்பியின் தாளில் 30, 40 எல்லாம் ஓரளவு இருந்தன. 80 வந்ததும் எண் கீழே விழுந்தது, 90-இல் இன்னும் கீழே. பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நோய் பாதி பிடிபட்டது.

முதலில் வயர்

காசில்லாமல் சரியாகிற தவறு இங்கேதான் அதிகம். இரண்டு வூஃபர் வைத்திருந்து, அதில் ஒன்றுக்கு பிளஸ்-மைனஸ் மாறியிருந்தால் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் அப்படியே காணாமல் போகும். ஒற்றை வூஃபரிலும் இரட்டைச் சுருள் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் இரண்டு) இருந்தால் இதே தவறு நடக்கும், அது வூஃபருக்கும் ஆபத்து.

சோதிப்பது சுலபம். ஆம்பிலிருந்து வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றின் பிளஸ்ஸைப் பிளஸ் வயரிலும் மைனஸ்ஸை மைனஸிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே வர வேண்டும். எல்லா வூஃபரும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்று பாருங்கள். டோர் ஸ்பீக்கர்களிலும் ஒரு பக்கம் மாறியிருக்கலாம், அதையும் பார்த்துவிடுவது நல்லது.

பாக்ஸ் காற்றை விடுகிறதா

மூடிய பாக்ஸ் என்றால், கூம்பின் ஓரங்களில் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது. விட்டவுடன் வெடுக்கென்று திரும்பினால் எங்கேயோ காற்று கசிகிறது. துளை உள்ள பாக்ஸுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்கு, 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு மூட்டுகளின் மேல் ஈரக் கையை நகர்த்திப் பாருங்கள், கசியும் இடத்தில் சில்லென்று காற்று படும்.

ரெடிமேட் பாக்ஸ்களில் வழக்கமாகக் கசிவது வயர் மாட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் விளிம்பில். அதைக் கழற்றி, மெல்லிய ஃபோம் டேப் ஒட்டி, மறுபடி திருகுங்கள். மரமூட்டில் கசிந்தால் உள்பக்கமாக ஃபெவிகாலோ சிலிக்கானோ பூசலாம். சிலிக்கானின் புளிப்பு வாசனை முழுதாகப் போகும்வரை வூஃபரை மாட்டாதீர்கள், அந்த ஆவி வூஃபரின் பசைகளுக்கும் ரப்பருக்கும் நல்லதில்லை. ஒருநாள் திறந்துவைத்தால் போதும். தலையணைக்கு வாங்கும் ரெக்ரான் பஞ்சை மூடிய பாக்ஸுக்குள் தளர்வாக அடைத்தால் சிறிய பாக்ஸ் கொஞ்சம் பெரிய பாக்ஸ்போல் நடந்துகொள்ளும்.

பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

இந்த இடத்தில்தான் நிதானமாக உட்காரச் சொல்வேன். ஒரு முழு மதியமே இதற்குக் கொடுக்கலாம்.

பெரும்பாலானவர்கள் வூஃபர் நம்மைப் பார்த்தால்தான் சத்தம் நம்மிடம் வரும் என்று நினைத்து, பாக்ஸைப் பின்சீட்டோடு ஒட்டி, கூம்பை முன்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். தம்பியின் காரிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். கூம்பிலிருந்து டிக்கிக் கதவுக்கு 90 சென்டிமீட்டர். பின்னால் போகும் அலை அங்கே மோதித் திரும்ப வர 1.8 மீட்டர் கூடுதலாக நடக்கிறது. அந்தக் கூடுதல் தூரம் எந்த அலைக்குப் பாதி நீளமோ, அந்த அலை நேர் அலையோடு எதிராகச் சேர்ந்து அழிந்துவிடும். எந்த அலை என்று கண்டுபிடிக்க, கூம்புக்கும் டிக்கிக் கதவுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து 4-ஆல் பெருக்குங்கள்; 350-ஐ அந்த எண்ணால் வகுங்கள். 0.9 மீட்டருக்கு 97 ஹெர்ட்ஸ் வருகிறது. பள்ளம் ஓரிடத்தில் மட்டும் குழி விழுவதில்லை, 70-இலேயே சரியத் தொடங்கிவிடும். தம்பியின் தாளில் 80, 90-இல் எண் விழுந்த காரணம் இதுதான். தவில், டிரம்ஸ் அடியின் அந்தக் "கும்" இருக்கும் இடமே காணாமல் போய்விட்டது.

அதே பாக்ஸைத் திருப்பி, கூம்பு டிக்கிக் கதவைப் பார்க்கும்படி, கதவுக்கு 25 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால்? 0.25-ஐ 4-ஆல் பெருக்கினால் 1. பள்ளம் 350 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. சப்வூஃபர் (டிக்கியில் இருக்கும் இந்த வூஃபர்) அவ்வளவு உயர்ந்த ஒலியைப் பாடுவதே இல்லை, ஆகவே பள்ளம் இருந்தும் நமக்கு நஷ்டமில்லை. நேர் அலையும் திரும்பும் அலையும் கைகோத்துக்கொண்டே முன்னால் வருகின்றன.

காரின் வளைவு நெளிவுகளால் உண்மையில் எண் கொஞ்சம் முன்பின் ஆகும். அதனால் கணக்கோடு நிற்காமல் நான்கு நிலைகளில் வைத்து அளந்துவிடுங்கள்: டிக்கியின் வாய்ப்பக்கம் தள்ளிப் பின்னால் பார்த்து, அதே இடத்தில் மேலே பார்த்து, டிக்கியின் நடுவில் பின்னால் பார்த்து, சீட்டோடு ஒட்டி முன்னால் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் டிக்கியை மூடி, எட்டு ஒலிகளையும் ஓட்டி, எண்களை எழுதுங்கள். பாக்ஸைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். வூஃபரோடு சேர்ந்து அது 20 கிலோவைத் தொடலாம்.

கூம்பு அடித்து வெளியே வரும்போது கதவில் இடிக்காத அளவு இடம் விடுங்கள். கூம்புக்கு முன் ஒரு சாண், துளை உள்ள பாக்ஸ் என்றால் துளையின் வாய்க்கு முன் அதன் அகலத்துக்குக் குறையாத இடம். அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் கோயிலுக்குப் போகும் பைகளும் வரும்போதும் இந்த இடைவெளி இருக்க வேண்டும். ஒரு கம்பித் தடுப்பு போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

நல்ல நிலை கிடைத்ததும் பாக்ஸை எல் கிளாம்ப் அல்லது பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் 20 கிலோ பாக்ஸ் பின்சீட்டை நோக்கிப் பாயும், அங்கே குழந்தைகள் உட்கார்கிறார்கள். தரையில் துளை போடுவதற்கு முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்கும் குழாய்களும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

ஒன்று சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் பிரித்துவிடுங்கள்

டிக்கியையும் காரையும் ஒரே அறையாக்கலாம். அல்லது வூஃபரின் வாயைக் காருக்குள் வைத்து, டிக்கியை முழுதாக ஒதுக்கிவிடலாம். பாதி திறந்து பாதி மூடிக் கிடக்கும் நிலைதான் பேஸைக் கொல்கிறது. முதல்முறை செய்கிறவர்களுக்கு ஒரே அறையாக்கும் வழியையே சொல்வேன்.

பின்சீட் மடங்கும் கார் என்றால் ஒரு பக்கத்தை மடித்துவிட்டு அளந்து பாருங்கள். எண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பேஸ் டிக்கியில் சிக்கியிருந்தது என்று அர்த்தம். நடுவில் கை வைக்கும் பகுதிக்குப் பின்னால் டிக்கியோடு சேரும் கதவு இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன செடான்கள் பலவற்றில் சீட் மடங்காது. அங்கே வழி மேலேதான், பார்சல் ட்ரே வழியாக.

டார்ச் அடித்து டிக்கிக்குள்ளிருந்து மேலே பாருங்கள். தகட்டில் ஸ்பீக்கர் மாட்டும் ஓட்டைகளும் வேறு சில ஓட்டைகளும் கம்பெனியிலேயே வெட்டியிருப்பார்கள், ஆனால் அவற்றின் மேல் ஃபெல்ட்டோ ஸ்பாஞ்சோ போர்த்தியிருக்கும். பார்சல் ட்ரேயைக் கழற்றி, ஓட்டைக்கு நேராக இருக்கும் ஃபெல்ட்டை மட்டும் வெட்டுங்கள். ட்ரேயிலும் அதே இடத்தில் திறந்து, ஸ்பீக்கர் கிரில் துணி ஒட்டிவிட்டால் பார்வைக்கும் அசிங்கமாக இருக்காது.

அங்கே 6x9 முட்டை வடிவ ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறீர்களா? கழற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. வீட்டில் கேட்டால் வருத்தப்படுவார்கள், காசு கொடுத்து வாங்கியது. ஆனால் டிக்கிக்குள் வூஃபர் ஏற்றும் அழுத்தம் அந்த 6x9 கூம்புகளை அவற்றின் இஷ்டத்துக்கு அசைக்கும். பாட்டும் கெடும், வழியும் அடைபடும். இரண்டு 6x9 ஓட்டையும் சேர்ந்தால் ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கிறது. அது கிட்டத்தட்ட ஒரு 12 இஞ்ச் வூஃபர் கூம்பின் பரப்பு. முழு ஜன்னலே திறந்த மாதிரி. கழற்றிய வயர் முனைகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்ற மறக்காதீர்கள், அவை ஒன்றையொன்று தொட்டால் ஸ்டீரியோ போய்விடும்.

எதைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் கிரைண்டர் வைத்து வெட்டாதீர்கள், அது காரின் உறுதிக்காக இருப்பது. சீட் பெல்ட் உருளைகள் பார்சல் ட்ரேக்கு அடியில் இருக்கும், அவற்றின் போல்ட்டைத் தளர்த்தாதீர்கள். ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார் என்றால் பின்தூண் பிளாஸ்டிக்கை நீங்களாகக் கழற்ற வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள்.

பிரிக்கும் வழி கொஞ்சம் தச்சு வேலை தெரிந்தவர்களுக்கானது. சீட் மடங்கும் காரில், அல்லது சீட்டின் பின்தகட்டில் பெரிய திறப்பு உள்ள காரில் மட்டும் செய்யுங்கள். பாக்ஸைத் திறப்போடு ஒட்டி, கூம்பு முன்னால் பார்க்க வையுங்கள். துளை உள்ள பாக்ஸ் என்றால் துளையும் அதே பக்கம் இருக்க வேண்டும். அட்டையில் அச்சு வெட்டி, அதன்படி 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பாக்ஸைச் சுற்றி ஒரு தடுப்பு செய்து, ஓரமெல்லாம் தடித்த ஃபோம் பட்டை ஒட்டி அழுத்திப் பொருத்துங்கள். பார்சல் ட்ரே ஓட்டைகளையும் கீழிருந்து அடைத்துவிடுங்கள். இனி கூம்பு தள்ளும் காற்றுக்குக் காரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. பின்னால் போய் மோதித் திரும்பும் அலையும் இல்லாததால், மேலே சொன்ன பள்ளக் கணக்கு இந்த அமைப்புக்குப் பொருந்தாது. டிக்கி சாமான் வைக்க அப்படியே கிடைக்கும். சரியாக அடைத்துவிட்டால் இதைவிடச் சுத்தமான பேஸ் செடானில் கிடைப்பது கடினம். கைப்பிடி அளவு இடைவெளி விட்டாலும் பயன் பாதி போய்விடும்.

இரண்டு வழியிலும் ஒரு எச்சரிக்கை. பின் பம்பரின் உள்பக்க ஓரத்தில் ரப்பர் மடிப்புகளோடு காற்றுப் போக்கிகள் இருக்கும். ஏசி காற்று வெளியேறவும், கதவை அடைக்கும்போது காதில் அழுத்தாமல் இருக்கவும் அவை வேண்டும். பேஸ் போகிறதே என்று அவற்றை அடைக்காதீர்கள்.

கடகட சத்தம்

30 முதல் 60 வரையான ஒலிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, காரைச் சுற்றி நடந்து உள்ளங்கையால் ஒவ்வோரிடமாக அழுத்துங்கள். எங்கே அழுத்தியதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. வழக்கமானவை நம்பர் பிளேட், டிக்கி மூடியின் வளைகம்பி ஸ்பிரிங், பார்சல் ட்ரே கிளிப், அதன் மேல் இருக்கும் பிரேக் லைட் மூடி, ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி.

நம்பர் பிளேட்டின் பின்னால் ஃபோம் டேப் துண்டுகளைப் பக்கவாட்டிலிருந்து செருகுங்கள். இப்போதைய உயர்பாதுகாப்பு பிளேட்டுகள் கழற்ற முடியாத பூட்டோடு வருகின்றன, அதை உடைக்க வேண்டாம். வளைகம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் வயரிங் வேலைக்குப் போடும் துணி டேப்பைச் சுற்றுங்கள். ஜாக்கியையும் ஸ்பானரையும் பழைய துணியில் சுற்றினால் போதும். டிக்கி பீடிங் ரப்பர் நைந்திருந்தால் மாற்றுங்கள், மழைத் தண்ணீருக்கும் அது நல்லது.

டேம்பிங் ஷீட் ஒட்டுவதென்றால் பியூட்டைல் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட் சித்திரை வெயிலில் இளகி, காரெல்லாம் தார் வாசனை அடிக்கும். தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஒலிக்கும் பெரிய பரப்பின் நடுவில், கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்தால் "தப்" என்று மாறும். அதற்குமேல் ஒட்டுவது பணத்துக்கும் எடைக்கும் கேடு. டிக்கி மூடியில் அதிகம் ஒட்டினால் திறந்த மூடி நிற்காமல் தலையில் இறங்கும்.

முன் ஸ்பீக்கரோடு சேர்ந்து பாட வேண்டும்

ஆம்பில் லோ பாஸை (அந்த எண்ணுக்குக் கீழே உள்ள ஒலிகளை மட்டும் விடும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (மேலே உள்ள ஒலிகளை மட்டும் விடுவது) வசதி இருந்தால் அதையும் 80-இல் வையுங்கள். இப்போது 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்பில் உள்ள ஃபேஸ் சுவிட்சை (கூம்பு தள்ளும் திசையை மாற்றுவது) 0-விலும் 180-இலும் மாற்றி அளந்து, எண் கூடும் பக்கம் விட்டுவிடுங்கள். சுவிட்ச் இல்லையென்றால் வூஃபரின் பிளஸ்-மைனஸை மாற்றிப் போட்டாலும் அதே வேலைதான். இரண்டு வூஃபர் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்த ஒரு சுவிட்சை யாரும் தொடாமலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீரியோவில் டைம் டிலே வசதி இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். சப்வூஃபர் உங்கள் காதிலிருந்து 2.5 மீட்டர், வலது கதவு ஸ்பீக்கர் 0.9 மீட்டர் என்றால் வித்தியாசம் 1.6 மீட்டர். ஒலி அதைக் கடக்க ஏறக்குறைய 4.6 மில்லி செகண்ட் ஆகும். கதவு ஸ்பீக்கரை அவ்வளவு தாமதப்படுத்தினால், பேஸ் டிக்கியிலிருந்து கழன்று டாஷ்போர்டுக்கு வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். டேப் வைத்து அளந்து உங்கள் காருக்கான எண்ணைப் போடுங்கள்.

கெயின், வயர் தடிமன், எர்த்

கெயின் திருகி வால்யூம் கட்டை கிடையாது. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. அதிகமாகத் திருகினால் அலை முனை மழுங்கி, பேஸ் தெளிவிழந்து, வூஃபர் சுருளும் சூடாகிக் கருகும். வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, முழு அளவில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் பிடியுங்கள். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 300 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 34.6 வோல்ட். அதே 300 வாட்ஸ் 2 ஓம்ஸில் என்றால் 24.5 வோல்ட். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் மேக்ஸ் வாட்ஸை எடுக்காதீர்கள், தொடர்ந்து தரக்கூடிய சக்தியான ஆர்எம்எஸ் வாட்ஸைத்தான் எடுக்க வேண்டும்.

500 வாட்ஸ் உண்மையாகவே தரும் டி கிளாஸ் ஆம்ப் உச்சத்தில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் வயர் என்றால், 8 கேஜ் செம்பு வயரில் கிட்டத்தட்ட அரை வோல்ட் இறங்கிவிடும், 4 கேஜில் 0.2 வோல்ட்தான் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்). செம்பு பூசிய அலுமினிய வயர் அதே கேஜிலும் இன்னும் அதிகமாக இறக்கும். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். எர்த் வயர் குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டிய தகட்டில், இறுக்கமாக. மேலே கிரீஸ் தடவிவிட்டால் துரு ஏறாது.

சிஎன்ஜி கார்களில் டிக்கியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்கிறது. சிலிண்டரிலோ அதன் சட்டத்திலோ துளை போடாதீர்கள், பாக்ஸை அதனோடு கட்டாதீர்கள், வால்வைத் திறக்கும் வழியை மறைக்காதீர்கள். முன்சீட்டுக்கு அடியில் பொருந்தும் 8 இஞ்ச் ஆக்டிவ் (ஆம்ப் உள்ளேயே இருக்கும்) சப்வூஃபர் உங்களுக்குப் போதும். அது காருக்குள்ளேயே இருப்பதால் டிக்கி இழப்பு என்ற பேச்சே கிடையாது.

அன்று தம்பியின் காரில் நாங்கள் செய்தது மூன்றுதான்: பாக்ஸைத் திருப்பி டிக்கி வாய்க்குத் தள்ளினோம், பார்சல் ட்ரேக்கு அடியில் ஃபெல்ட்டை வெட்டினோம், ஃபேஸ் சுவிட்சை மாற்றினோம். சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும்போது, கெயினையும் பழைய அளவிலிருந்து குறைத்துத்தான் வைத்திருந்தான். ஒரு மாதம் ஓட்டியபின் பாக்ஸின் கிளாம்ப், எர்த் போல்ட், வூஃபர் திருகுகள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, அந்தத் தாளை எடுத்து மறுபடி ஒரு வரிசை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அதைச் செய்துவிடுங்கள்.